மணலில் குடியிருக்கும் தோட்ட விலாங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் இல்லாத வீடு குறைவு. விடுமுறைக்கு அங்கே போய்வரும் குடும்பங்கள் தவறாமல் பார்த்துவிட்டு வரும் இடங்களில் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் ஒன்றாகிவிட்டது. திரும்பி வந்தவர்கள் சுறாவையோ திருக்கையையோ பற்றி என்னிடம் அதிகம் கேட்பதில்லை. அவற்றைத் தொண்டியிலிருந்து சந்தைக்கு வரும் மீன் கூடையிலேயே பார்த்திருக்கிறார்கள். மணலுக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு, மீதிப் பாதியை நீரில் ஆடவிட்டு நிற்கும் மெல்லிய மீன்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னிடம் மீண்டும் மீண்டும் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மணலிலிருந்து தலைநீட்டி நின்றவை புழுக்களா, பாம்புகளா? எங்கள் ஆயா கடற்பாசி என்றே சொல்லிவிட்டார்கள்.

அவை மீன்கள். விலாங்கு வரிசையைச் சேர்ந்த உண்மையான மீன்கள். காட்சியகங்களில் 'கார்டன் ஈல்' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். தமிழில் தோட்ட விலாங்கு எனலாம். நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று நீரோட்டத்தில் ஆடும்போது தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கடலடியில் பயிர் வளர்ந்திருப்பதாகவே தோன்றும் என்பதால், ஆயா சொன்னதில் வியப்பில்லை. கடலில் முக்குளிப்பவர்களும் முதல் பார்வையில் அப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

பாம்பு அல்ல என்பதற்குச் சான்று எளிது. கடற்பாம்பு நுரையீரலால் மூச்சுவிடுவது; அது அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும், அதன் உடலில் செதில் உண்டு, வால் துடுப்புப்போலத் தட்டையாக இருக்கும். தோட்ட விலாங்குக்குச் செவுள்கள் உண்டு, செதில்கள் இல்லை, வால் தட்டையாக இல்லாமல் கூராக முடிகிறது. அந்தக் கூர்வாலைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மீனின் வாழ்க்கை முழுவதும் அதை நம்பித்தான் நடக்கிறது.

எத்தனை வகைகள் உள்ளன? நான் பார்த்தது எது என்று எப்படி அறிவது?

காங்கர் விலாங்குக் குடும்பத்தின் கீழ் ஹெட்டரோகாங்கர், கார்காசியா என்ற இரண்டு பேரினங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட தோட்ட விலாங்கு இனங்கள் அடங்குகின்றன. காட்சியகங்களில் பெரும்பாலும் இரண்டைத்தான் வைத்திருப்பார்கள்.

வெள்ளை உடலில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெளித்தது புள்ளித் தோட்ட விலாங்கு. இதன் அறிவியற்பெயர் ஹெட்டரோகாங்கர் ஹாஸி. சிறு புள்ளிகளைத் தவிர, செவுள் திறப்பை ஒட்டி ஒன்றும் அதற்குக் கீழே உடலின் நடுப்பகுதியில் ஒன்றுமாகப் பெரிய கறுப்புத் திட்டுகள் தெரியும். மூன்றாவது திட்டு மலத்துளையை ஒட்டி அமைந்திருப்பதால் பெரும்பாலும் மணலுக்குள் மறைந்துவிடும். நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வரை வளரும், பருமனோ 14 மில்லிமீட்டர் அளவுதான். மற்றொன்று ஆரஞ்சு நிறமும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை கட்டியது. அது கார்காசியா பிரிக்ளாரா. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து வைப்பது உண்டு. ஆகவே 'ஆண் புள்ளி, பெண் பட்டை' என்று பிள்ளைகள் தாமாகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று, இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

முழு உடலையும் ஏன் காட்டுவதில்லை? மணலுக்குள் எப்படி நுழைகிறது?

தோட்ட விலாங்கு தனக்கென ஒரு வளை அமைத்துக்கொண்டு, அதைவிட்டு முழுவதுமாக வெளியே வராமலே வாழப் பழகிய மீன். உடலின் பின்பகுதி எப்போதும் வளைக்குள் இருக்கும். முன்பகுதி மட்டும் நீரில் நிற்கும். இரை தேடுவது, அண்டை மீனோடு சண்டையிடுவது, இணைசேர்வது உட்பட எல்லாமே இந்த நிலையிலேயே நடந்தேறுகின்றன.

வளையை அது வாலால் தோண்டுகிறது. பெரும்பாலான மீன்களுக்கு வால் என்பது நீந்துவதற்கான விசிறி. தோட்ட விலாங்குக்கோ வால்துடுப்பு ஒடுங்கி, வால்நுனி விறைத்துக் கூர்மையாகிவிட்டது. புதிய இடத்தில் இறங்கும்போது அது அந்த நுனியை மணலில் ஊன்றி, உடலை நெளித்து நெளித்துப் பின்னோக்கி இறங்குகிறது. உள்ளிருந்து தள்ளப்படும் மணலை முதுகுத்துடுப்பின் அசைவு வெளியேற்றுகிறது. தலையால் முட்டித் துளைக்கும் உயிர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, எதிரியைப் பார்த்தபடியே பின்வாங்கிக்கொண்டு தோண்டும் இந்த முறை விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் திறந்த வெளியில் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் புதைப்பதைவிட, கண் இரண்டும் கடைசிவரை வெளியே இருக்கும்படி இறங்குவதே பிழைக்கும் வழி.

தோண்டிய துளை சரிந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஈரமணலில் கையால் குழி பறித்தவர் எவருக்கும் அது எவ்வளவு விரைவில் தூர்ந்துபோகும் என்பது தெரியும். தோட்ட விலாங்கின் தோல் ஒரு வழுவழுப்பான கோழையைச் சுரக்கிறது. அந்தக் கோழை மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வளையின் உட்சுவரை இறுக்குகிறது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் சுண்ணாம்புக் காரையோடு முட்டை வெண்கருவைச் சேர்த்துப் பூசிய சுவர் எப்படி வழவழப்பாகவும் கெட்டியாகவும் நிற்கிறதோ, அப்படியே இதுவும் நிற்கிறது என்று சொன்னால் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறது. வேற்றுமை ஒன்றுண்டு: கொத்தனார் பூசிவிட்டுப் போய்விடுவார், விலாங்கோ ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பூச்சைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதே கோழைதான் மணல் உரசித் தோல் புண்ணாகாமலும் காக்கிறது.

வளைக்கு வசதியாக உடலின் மற்ற உறுப்புகளும் மாறியிருக்கின்றன. பக்கத்துடுப்புகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்குச் சிறுத்துவிட்டன, வயிற்றுத்துடுப்பு இல்லவே இல்லை. குழாய் போன்ற வளைக்குள் ஏறி இறங்கும் உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் தடையாகத்தான் இருக்கும்.

எல்லாம் ஏன் ஒரே பக்கமாகப் பார்த்து நிற்கின்றன? என்னதான் சாப்பிடுகின்றன?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. நீரோட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையை நோக்கியே அவை நிற்கின்றன; ஏனெனில் உணவும் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. நீரில் மிதந்துவரும் கோபிபாடு போன்ற நுண்ணிய விலங்கு மிதவை உயிரிகளே தோட்ட விலாங்கின் உணவு. இடம்விட்டு நகராத மீன், தானாக வந்துசேரும் இரையை நம்பியாக வேண்டும் அல்லவா?

ஆனால் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு வருவதை எல்லாம் வடிகட்டி விழுங்குவதில்லை. ஒவ்வோர் இரையையும் கண்ணால் பார்த்து, குறிவைத்து, கொத்தி எடுக்கிறது. தலையின் அளவுக்குக் கண்கள் பெரியவையாக இருப்பது இதற்காகத்தான். தொட்டியின் முன் சற்றுப் பொறுமையாக நின்று ஒரே ஒரு மீனை மட்டும் கவனித்தால், அது சும்மா ஆடிக்கொண்டிருக்கவில்லை என்பதும், ஒவ்வோர் அசைவும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துகளைத் துரத்திச் செல்லும் கழுத்து வெட்டு என்பதும் தெரியவரும். பார்வையாளர்களில் பெரும்பாலோர் அரை நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு சுறாத் தொட்டிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நீரோட்டம் கூடினால் உணவும் கூடும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதை மெய்யாகவே சோதித்தார்கள். அடியில் மணல் பரப்பிய நீர்க்கால்வாய் ஒன்றை அமைத்து, அதில் புள்ளித் தோட்ட விலாங்குகளைக் குடியேற்றி, நீரின் வேகத்தையும் அதில் கலந்த இரையின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரை அடர்த்தி கூடக்கூட மீன்கள் தின்னும் அளவும் அதே விகிதத்தில் கூடியது. நீரின் வேகமோ அப்படிப் பலன் தரவில்லை. வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டரைத் தொட்டபோது தின்னும் அளவு குறைந்தது. வேகமான ஓட்டத்தில் உடலை நீட்டி நிற்பது வீண் உழைப்பு என்பதால், மீன்கள் உடலை வளைக்குள் இழுத்துக்கொண்டு, நீரின் இழுவிசைக்குத் தங்களைக் குறைவாகவே ஆட்படுத்தின. வெளியே நீட்டிய உடல் குறைந்தால் கொத்துவதற்கு எட்டும் பரப்பும் குறைகிறது. வரவைப் பெருக்குவதைவிடச் செலவைச் சுருக்குவதை அவை தேர்ந்துகொள்கின்றன என்று இந்த முடிவைப் படிக்கலாம்; பேரேடு எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

நான் கிட்டே போனதும் எல்லாம் உள்ளே போய்விட்டன. என்ன செய்தால் நன்றாகப் பார்க்கலாம்?

மிகவும் கூச்சமுள்ள மீன்கள் இவை. கடலில் முக்குளிப்பவர் பல மீட்டர் தூரத்தில் வரும்போதே முன்வரிசை மீன்கள் இறங்கத் தொடங்கும். அதைப் பார்த்து அடுத்த வரிசை, பிறகு அதற்கு அடுத்தது என்று குடியிருப்பு முழுவதும் மணலுக்குள் மறைந்துவிடும். ஆகையால் ஆய்வாளர்கள் பலர் கடலடியில் படக்கருவியை வைத்துவிட்டு விலகிச் சென்று, அதில் பதிவானதைத்தான் பார்க்கிறார்கள்.

காட்சியகத்தில் கண்ணாடியைத் தட்டாதீர்கள், ஒளி பாய்ச்சிப் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். ஓரடி பின்தள்ளி அசையாமல் நின்றால், உள்ளே போனவை ஒவ்வொன்றாகத் தலைநீட்டும். இரை போடும் நேரத்தை ஊழியர்களிடம் கேட்டு அந்த நேரத்துக்குப் போவது இன்னும் நல்லது. பசி அச்சத்தை வென்றுவிடும் என்பதால், அப்போது மட்டும் உடலில் பெரும்பகுதியை வெளியே காணலாம்.

மனிதர்களைப் பார்த்துப் பழகிய தோட்ட விலாங்குகள், மனிதர்கள் வராமற்போனால் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. தோக்கியோவில் உள்ள சுமிதா காட்சியகம் கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே ஏறத்தாழ 300 தோட்ட விலாங்குகள் ஒரு பெரிய தொட்டியில் வாழ்ந்தன. சில வாரங்களுக்குள் அவை மனித உருவத்தையே மறந்து, பராமரிப்பவர் கடந்து சென்றாலும் மணலுக்குள் ஒளியத் தொடங்கின. இது வெறும் வேடிக்கை அல்ல. வெளியே வராத மீனின் உடல்நலத்தை எப்படிப் பார்வையிடுவது? ஆகவே அந்த ஆண்டு மே 3 முதல் 5 வரை தொட்டியின் முன் ஐந்து கைக்கணினித் திரைகளை நிறுத்தி, பொதுமக்களைக் காணொலி அழைப்பில் வந்து மீன்களுக்கு முகம் காட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். கையசைக்கலாம், மெல்லப் பேசலாம், உரத்துக் கூச்சலிடக் கூடாது என்பது நிபந்தனை.

இரவில் என்ன செய்யும்?

முழுவதுமாக வளைக்குள் இறங்கிவிடும். கண்ணால் இரை தேடும் மீனுக்கு இருட்டில் வெளியே வேலை இல்லை.

ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பது ஏன்? சண்டை போடுமா?

போடும். ஒவ்வொரு மீனும் தன் வளையிலிருந்து உடலை நீட்டி வளைத்து எட்டக்கூடிய பரப்பே அதன் மேய்ச்சல் நிலம். பக்கத்து மீன் அதற்குள் நுழைந்தால் வாயைப் பிளந்து மிரட்டும், சில வேளைகளில் கடிக்கவும் செய்யும். குடியிருப்பு நெருக்கமாக இருந்தாலும் வளைகளுக்கு நடுவே ஓரளவு ஒழுங்கான இடைவெளி தென்படுவதற்கு இந்த எல்லைத் தகராறே காரணம். இரண்டும் வீட்டைவிட்டு வெளியே வராமலே போடும் சண்டை என்பதால் பெரிய காயம் ஏற்படுவது அரிது.

வெளியே வராமல் எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன?

ஆணும் பெண்ணும் முதலில் தம் வளைகளை ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கிக்கொள்கின்றன. வளைகள் எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு, இரண்டும் உடலை நீட்டி ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். அப்போதும் வால்கள் தத்தம் வளைக்குள்ளேயே ஊன்றியிருக்கும். கருவுற்ற முட்டைகள் நீரில் மிதந்து போய்விடும். பெற்ற மீன்கள் அவற்றைக் காப்பதில்லை.

இந்த மீனின் வாழ்வில் பயணம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் நிகழ்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி பெற்றோரைப்போல உருண்டையாக இராது. இலைபோலத் தட்டையாகவும், பின்னால் இருப்பது தெரியும் அளவுக்குக் கண்ணாடிபோலவும் இருக்கும். இத்தகைய இளவுயிரிப் பருவம் விலாங்கு வரிசை முழுமைக்கும் பொதுவானது. அது திறந்த கடலில் நீரோட்டத்தின் போக்கில் நெடுநாள் மிதந்து, உருமாறி, தகுந்த மணற்பரப்பைக் கண்டதும் கீழே இறங்கி வாலை ஊன்றுகிறது. செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை ஒரே இனம் பரவியிருப்பது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இந்த மிதக்கும் பருவம்தான்.

வளைக்குள் இருக்கும் மீனுக்கு எதிரி உண்டா?

உண்டு. கிளாத்தி வகை மீன்கள் சில மணலைக் கிளறித் தோண்டியெடுத்துத் தின்றுவிடுகின்றன. அதைவிட ஆபத்தானவை பாம்பு விலாங்குகள். அவையும் மணலுக்குள் புகும் ஆற்றல் பெற்றவை. தோட்ட விலாங்கு எந்த மணலை நம்பி ஒளிகிறதோ அந்த மணலின் வழியாகவே வந்து தாக்கக்கூடியவை. மேலே கண்காணிக்கும் கண்கள் கீழிருந்து வருவதைக் காண்பதில்லை.

இவற்றை முதலில் ஆராய்ந்தவர் யார்? ஹாஸி என்பது யார் பெயர்?

ஹெட்டரோகாங்கர் என்ற பேரினத்துக்குப் பெயரிட்டவர் டச்சு மீனியல் அறிஞர் பீட்டர் பிளீக்கர், ஆண்டு 1868. அன்று கிடைத்தவை வலையிலோ தூண்டிலிலோ எளிதில் அகப்படாத இந்த மீன்களின் ஓரிரு உடல்கள் மட்டுமே. அவை உயிரோடு எப்படி வாழ்கின்றன என்பதை அறிய, மனிதன் நீருக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹாஸி என்பது ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர். 1919-இல் வியன்னாவில் பிறந்த அவர், நீருக்கடியில் படம் பிடிப்பதிலும் முக்குளிப்பிலும் முன்னோடி. 1957, 1958 ஆண்டுகளில் 'சரிஃபா' என்ற தம் கப்பலில் அவர் மேற்கொண்ட ஆய்வுப்பயணம் இந்தியப் பெருங்கடலையும் தொட்டது. அதில் உடன்சென்ற கிளவுசெவிட்ஸ், ஐபிள்-ஐபெஸ்ஃபெல்ட் ஆகிய இருவரும் மாலத்தீவிலும் நிக்கோபாரிலும் கண்ட புதிய தோட்ட விலாங்குகளை 1959-இல் விவரித்து வெளியிட்டார்கள். புள்ளித் தோட்ட விலாங்கு அப்போதுதான் அறிவியலில் இடம்பெற்றது.

நிக்கோபார் என்றதும் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கொண்டுவிற்கப் பினாங்குக்குப் போன நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தத் தீவுகளுக்கு அருகிலான கடல்வழியேதான் போயிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் மீன், தாத்தாக்கள் கடந்துபோன தீவுகளின் கரையோர மணலிலேயே இருந்திருக்கிறது.

அப்படியானால் தொண்டிக் கடலில் இருக்குமா?

எதிர்பார்ப்பதற்கில்லை. தோட்ட விலாங்குக்கு மூன்று தேவை: வளை தோண்டத்தக்க சுத்தமான மணற்படுகை, இரை கொண்டுவரும் சீரான நீரோட்டம், இரையைக் கண்ணால் காண உதவும் தெளிந்த நீர். பவளத்திட்டுகளை அடுத்த மணற்சரிவுகளில் இம்மூன்றும் ஒன்றுசேர்வதால், புள்ளித் தோட்ட விலாங்கு ஏறத்தாழ 7 முதல் 45 மீட்டர் ஆழம் வரை அத்தகைய இடங்களில் குடியேறுகிறது. தொண்டி அமைந்துள்ள பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்த, வண்டல் கலங்கிய நீர்ப்பரப்பு. கடற்புல்லுக்கும் அதை மேயும் ஆவுளியாவுக்கும் அது ஏற்ற இடம். தோட்ட விலாங்குக்கு அன்று. நம் பக்கத்திலிருந்து போகக்கூடிய தூரத்தில் என்றால் மாலத்தீவில் முக்குளிப்பவர்கள் இவற்றைக் காண்கிறார்கள்.

கடலுயிரியலில் நாட்டம் கொண்ட மாணவர்களுக்கு ஒரு செய்தி: காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் கடலியல் படிப்புக்கென்று தொண்டியிலேயே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. தோட்ட விலாங்கு அங்கே இல்லாவிட்டாலும், சேற்றிலும் மணலிலும் வளை அமைக்கும் நண்டுகளும் புழுக்களும் மீன்களும் அந்தக் கரையில் ஏராளம்.

நம் கண்மாய்களில் கிடைக்கும் ஆரலும் விலாங்கும் இதற்கு உறவா?

விலாங்கு உறவு, ஆரல் உறவன்று.

கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது சேற்றுக்குள்ளிருந்து பிடித்தெடுக்கும் ஆரல், உருவத்தில் நீண்டு மூக்கு கூர்ந்திருப்பதால் விலாங்கு இனம்போலத் தோன்றும். அது முதுகில் முள் வரிசை கொண்ட வேறொரு மீன் வரிசையைச் சேர்ந்தது. சேற்றில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவாக அமைந்தது, ஒரே வகைச் சூழலில் வாழ நேர்ந்ததன் விளைவு.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று பழமொழி சொல்லும் நம் விலாங்கோ உண்மையான விலாங்கு வரிசையைச் சேர்ந்தது. ஆனால் வாழ்க்கைமுறையில் தோட்ட விலாங்குக்கு நேர் எதிர். ஆற்றிலும் குளத்திலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்காகக் கடலுக்குப் போவது விலாங்கு. அதன் குஞ்சுகள் மீண்டும் ஆறேறி வருகின்றன. ஆறுகளில் தடுப்பணைகள் பெருகினால் அது அழிவதும், தோட்ட விலாங்குக்கு அந்தக் கவலை இல்லாததும் இந்த வேறுபாட்டால்தான்.

தொட்டால் மின்சாரம் பாயுமா? கடிக்குமா?

பாயாது. நீங்கள் நினைப்பது மின்விலாங்கு, அது தென்னமெரிக்க ஆறுகளில் வாழ்வது. பெயரில் விலாங்கு என்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கெளுத்திகளுக்கு நெருங்கிய உறவுடைய வேறு மீன். அதன் ஓர் இனம் 860 வோல்ட் வரை பாய்ச்சுவதாக அளந்திருக்கிறார்கள். தோட்ட விலாங்கிடம் மின்னுறுப்பும் இல்லை, நஞ்சும் இல்லை. மிதவை உயிரிகளைக் கொத்தும் சின்னஞ்சிறு வாய் மனித விரலை என்ன செய்துவிடும்? தவிர, விரல் அருகே வருவதற்குள் அது மறைந்துவிட்டிருக்கும்.

சமைத்துச் சாப்பிடலாமா?

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. விரல் பருமன்கூட இல்லாத மீனில் குழம்புக்குத் தேற ஒன்றுமில்லை. உணவுக்காக இதை யாரும் பிடிப்பதும் இல்லை. ஜப்பானிய உணவகங்களில் சோற்றின்மேல் வைத்துத் தரும் கடல் விலாங்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த, உருவில் பெரிய வேறோர் இனம்.

வீட்டில் தொட்டி வைத்து வளர்க்க முடியுமா?

வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மணல். மீன் முழுவதுமாக மறையும் அளவுக்கு ஆழமான, நுண்ணிய மணற்படுகை வேண்டும்; அலங்காரத் தொட்டிகளில் போடும் இரண்டு விரற்கடைக் கூழாங்கல் பரப்பில் அதனால் வாலையே ஊன்ற முடியாது. மணலுக்குமேல் உடலை நீட்ட உயரமும் வேண்டும் என்பதால் தொட்டி பெரிதாகிவிடுகிறது. அடுத்து, ஒரே திசையில் சீராக ஓடும் நீரோட்டம். அதைவிடக் கடினமானது உணவு: நீரில் மிதக்கும் நுண்ணிரையை ஒரு நாளைக்குப் பல முறை கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தால் தின்னாமல் எஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும், அதைத் தூய்மைப்படுத்தத் தனி ஏற்பாடு வேண்டும். கூட்டமாக வாழும் மீனைத் தனியாக வைத்தால் அது வெளியே வரவே அஞ்சிப் பட்டினி கிடக்கும். புதிதாகக் கொண்டுவந்து விட்டவை, வளை அமைக்கும் முன் மிரண்டு தொட்டிக்கு வெளியே துள்ளிவிழுவதும் உண்டு.

இத்தனையையும் சமாளித்தாலும், கடல்நீரின் உப்பளவையும் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் மாறாமல் காக்க வேண்டும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் மின்சாரம் ஒரு பிற்பகல் நின்றுபோனால் அந்தத் தொட்டியின் கதி என்னவாகும் என்று வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே காட்சியகத்தில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டு நாடாபோல ஒரு விலாங்கு பார்த்தோம். அதுவும் இதுதானா?

அது நாடா விலாங்கு. அஞ்சாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் மணலிலோ கற்குவியலிலோ உடலை மறைத்துத் தலையை நீட்டும் என்றாலும், கூட்டமாக வாழ்வதில்லை, மிதவை உயிரிகளைத் தின்பதும் இல்லை. எட்டும் தூரத்தில் வரும் சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். இளமையில் கறுப்பாகவும், வளர்ந்த ஆண் நீலமாகவும், பெண் மஞ்சளாகவும் இருக்கும். மூக்குத் துளைகளின் விளிம்பு இலைபோல விரிந்திருப்பதைக் கொண்டு அதை உடனே அடையாளம் காணலாம். தோட்ட விலாங்கின் முகத்திலோ அப்படி எதுவும் இராது, மழுங்கிய மூக்கும் பெரிய கண்ணும் மேல்நோக்கிய சிறிய வாயும்தான் தெரியும்.